ஐந்தாவது பை

ஐடஹோவில் காட்டுப்பாதையின் கேட்டைத் தாண்டி மோட்டார் வைத்த எதுவும் போகக் கூடாது. மின்சார சைக்கிளோடு வந்திறங்கிய ராய்ஸ், அதனால் கேட்டருகே ட்ரக்கிலேயே கிடந்தான்.

"பேட்டரி இல்லாட்டி உனக்குக் காலே கிடையாதே," என்று சிரித்துவிட்டு, அவன் மனைவியின் அண்ணன் வெர்லின் தன் சாதாரண சைக்கிளின் பெடலை மிதித்தான்.

முந்தின நாள் இருவரும் நடந்தே போய் வேட்டையாடிய எல்க் மானின் நான்கு கால்களையும் துணிப்பைகளில் கட்டி, இரண்டு மைல் தள்ளி ஒரு மரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். சைக்கிளின் பின்வண்டி ஒரு நடைக்கு ஒரு கால்தான் தாங்கும். நான்கு நடை முடித்து, வியர்வையோடு ட்ரக்கில் சாய்ந்தான் வெர்லின்.

"இன்னும் ஒண்ணு இருக்கே மச்சான்," என்றான் ராய்ஸ். "நேத்து மரத்துல அஞ்சு பை தொங்குச்சு. எண்ணினேன்."

"மானுக்கு எத்தன கால்னு தெரியாத ஆளுக்குப் போயி என் தங்கச்சியக் குடுத்தோம் பாரு!"

மரத்தில் விட்டுவந்த கயிற்றை எடுக்க வெர்லின் திரும்பிப் போனான். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனான்.

கயிற்றில் ஒரு பை தொங்கியது. முடிச்சு அவன் போடும் அதே இரட்டை முடிச்சு. இரவு பெய்த பனி கிளைகளில் இன்னும் உறைந்து கிடந்தது. கையுறையைக் கழற்றிப் பையைத் தொட்டான்.

வெதுவெதுப்பாக இருந்தது.