கண் போன இடம்

டாக்டர் சிகரெட்டை விடச் சொன்ன நாளிலிருந்து அவன் பாக்கெட்டை ஒளிப்பதும் மனைவி எடுப்பதுமாகவே இருந்தது. கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள் அவள். வீட்டைத் துழாவவே மாட்டாள். "எங்கே வச்சிருக்கீங்க?" என்று கேட்பாள், அவ்வளவுதான். வைத்த இடம் நினைவுக்கு வந்ததும் அவனுடைய பாழாய்ப்போன கண் தானாக அந்தப் பக்கம் ஓடிவிடும்.

"இன்னைக்கும் என் கையில சிக்கினா அதோட நிறுத்திடணும். சிக்கலைன்னா இனிமே வாயே திறக்க மாட்டேன்" என்றாள்.

அவன் ஒத்துக்கொண்டான். அவள் குளிக்கப் போனதும் பாக்கெட்டை அவள் தம்பியிடம் நீட்டினான்.

"மச்சான், எங்கேயாவது ஒளிச்சு வை. எங்கேன்னு எனக்கே சொல்லாதே."

தெரியாத இடத்துக்குக் கண் எப்படிப் போகும்?

சாயங்காலம் அவள் கேட்டாள். அவன் கண் சுவரெல்லாம் சுற்றிவிட்டு வெறுமனே திரும்பியது.

"ஒண்ணும் பிடிபடலையே" என்று அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

ஜெயித்த மிதப்பில் அவன் மச்சானிடம் திரும்பினான். "இப்ப சொல்லுடா, எங்கே வச்சே?"

மச்சான் வாயைத் திறக்கவில்லை. கண் மட்டும் ஓடியது, நேராக அக்காவின் கைப்பைக்கு.

"பரவாயில்லையே, நீங்களும் கத்துக்கிட்டீங்க" என்றபடி அவள் பையின் ஜிப்பைத் திறந்தாள்.