பழைய இணைப்பு

நித்திலனின் காதுக்குப் பின்னால் இருந்த நினைவு வட்டு நல்ல வட்டுதான். அதன் இணைப்புதான் அரதப்பழசு. எதைக் கேட்டாலும் பச்சை விளக்கு மினுக்மினுக்கென்று எரியும், பதில் வருவதற்குள் காபி ஆறிவிடும். நடுவில் வேறு கேள்வி கேட்டால் போச்சு, முதல் கேள்வியை அப்படியே மறந்துவிடும்.

மாற்றியே ஆகவேண்டுமென்று அவனைக் கடைக்கு இழுத்து வந்தது மனைவி ஹாசினிதான்.

"சும்மா மாட்டிப் பாருங்க. பிடிக்கலைன்னா கழட்டிரலாம்" என்று கடைக்காரப் பெண் புது இணைப்பைப் பொருத்தினாள்.

ஹாசினிக்கு ஆர்வம் தாங்கவில்லை. "மாமா, நம்ம மொத சண்டைல நான் என்ன சொன்னேன்?"

விளக்கு மினுங்கவே இல்லை.

"'உங்கம்மா எப்பத்தான் சாவாங்களோ'ன்னு சொன்ன. வெங்காயம் உரிச்சுட்டே சொன்ன."

சொல்லி முடித்த பிறகுதான் அவன் முகம் மாறியது. அம்மா போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"கழட்டிருங்க" என்றாள் ஹாசினி. "பழசே இருக்கட்டும்."

ஆட்டோவில் ஏறியதும் நித்திலன் நெற்றியைத் தேய்த்தான். "கடைல என்னமோ சொன்னேனே ஹாசினி, என்னது அது? மனசு ஒரு மாதிரி இருக்குது."

காதுக்குப் பின்னால் பச்சை விளக்கு எரிய ஆரம்பித்தது. ஹாசினி அதையே பார்த்தாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவசரமாகக் கேட்டாள்.

"மாமா, நம்ம கல்யாணத்துல என்ன பாயசம் போட்டாங்க?"

விளக்கு ஒருமுறை அணைந்தது. பிறகு முதலிலிருந்து மினுங்கத் தொடங்கியது.