ஏற்றிவிட வந்தவர்

அப்பா ரயில் இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய பையை மேலே ஏற்றியாயிற்று. இறங்கிப் போயிருக்கலாம். போகவில்லை. முன் இருக்கைக்கு அடியிலும் பார்த்தார். அங்கே உட்கார்ந்திருந்தவர் ஒன்றும் புரியாமல் காலைத் தூக்கிக்கொண்டார்.

மதுரை விமான நிலைய வாசலில் நின்று டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பார்த்து ஆளை உள்ளே விடுகிற வேலை அப்பாவுக்கு. சீருடையைக் கழற்றினாலும் அந்தக் கண்ணுக்கு லீவு கிடையாது.

"எவன் ஏறுறான், எதைக் கொண்டு வர்றான்னு கேக்க ஒரு நாதியில்ல" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

அவளிடம் அல்ல. அவளிடம் பேசி இரண்டு வருடம் ஆகிறது.

கடைசியாகப் பேசியது அந்த வாசலில்தான். ரிஜிஸ்டர் ஆபீஸில் அப்பா வராமலே கல்யாணம் முடிந்த மறுநாள், ஜெர்வினோடு சென்னைக்குக் கிளம்பினாள். அப்பாவுக்கு அன்று வேறு ஷிஃப்ட் என்று நினைத்திருந்தாள். போய் நின்றால் வாசலில் அவர்.

டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். ஆதார் அட்டையைப் பார்த்தார். படத்தையும் முகத்தையும் ஒத்துப் பார்த்தார். பெற்ற மகள் என்றாலும் விதி விதிதான்.

கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார்.

"போகலாம்" என்றார்.

அதோடு சரி. பிறகு அவள் விமானமே ஏறவில்லை. ரயிலுக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது.

இந்த ஒரு வாரம் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக வந்து தங்கினாள். அவள் சாப்பிட்டாளா, அவருக்கு ரசம் வேண்டுமா, எல்லாக் கேள்வியும் அம்மா வழியாகத்தான் போய் வந்தது.

"எனக்குக் கண்ணுதான் மறைச்சிருக்கு. ஒங்க ரெண்டு பேருக்கும் வாயையுமா கட்டிப்போட்டிருக்கு?" என்று கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

நேற்று சித்தி துணைக்கு வந்துவிட்டாள். இன்று இவள் கிளம்பினாள். பையைத் தூக்க ஆளில்லை என்று அப்பா கூட வந்தார். அப்படித்தான் அம்மாவிடம் சொன்னார்.

ஸ்டேஷனில் அவரை யாரும் மறிக்கவில்லை. பையைத் திற என்று யாரும் கேட்கவில்லை. பிளாட்பாரம் வரை வந்தார். பெட்டி வரை வந்தார். இருக்கை வரை வந்துவிட்டார்.

அறிவிப்பு ஒலித்தது. கதவுகள் மூடப்போகின்றன, வழியனுப்ப வந்தவர்கள் இறங்கிவிடவும்.

அவளுக்கு நன்றாகவே கேட்டது. அப்பாவைத் தொட்டுச் சொல்லியிருக்கலாம். அந்த முதுகை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது.

கதவு மூடிக்கொண்டது. ஓடுகிற ரயிலிலிருந்து குதித்து இறங்குகிற பழைய கதவில்லை இது. தானாக மூடும், அடுத்து நிற்கிற ஊரில்தான் திறக்கும்.

பிளாட்பாரம் நகர்ந்தது.

பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அப்பா அதன் நுனியில் உட்கார்ந்தார்.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். இப்படி மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய உண்டு போலிருக்கிறது. கோபப்படக்கூட இல்லை.

"அறிவிப்பு காதுல விழலையா சார்?"

அப்பாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"விழுந்துச்சு" என்றார்.

பரிசோதகர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "திண்டுக்கல்ல எறங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சோழவந்தான் போனது. கொடைரோடு போனது. அழுகை வந்தது, அழுதாள். அப்பா இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

திண்டுக்கல் வந்துவிட்டது.

அப்பா எழுந்தார். கதவு திறந்ததும் இறங்கினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முக்கால் மணி நேரம் பக்கத்திலேயே இருந்தாரே. வீட்டுக்கு வாங்கப்பா என்று ஒரு வார்த்தை கூப்பிடாமல் விட்டோமே என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது. எழுந்து கதவுக்கு ஓடினாள்.

பழக்கடை முன்னால் நின்றிருந்தார். கையில் ஒரு சீப்பு மலைவாழை. கடைக்காரர் பை தேடிக்கொண்டிருந்தார்.

மறுபடியும் அறிவிப்பு.

"அப்பா! ஓடி வாங்க!"

பையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு ஓடிவந்தார். ஐம்பத்தைந்து வயது. வேட்டி தடுக்கியது. சீப்பை முதலில் நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டு, மறு கையால் அவரையும் இழுத்துக்கொண்டாள்.

கதவு மூடிக்கொண்டது.

பரிசோதகர் ஓடிவந்தார். "என்ன சார், எறங்கச் சொன்னா மறுபடியும் ஏறுறீங்க?"

அப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

"மெட்ராசுக்கு ஒரு டிக்கெட் போடுங்க சார்" என்றார். "மக வீட்டுக்கு மொத மொதப் போறேன். வெறுங்கையோடயா போறது?"