வழுக்காத தரை

ஒரு போலீஸ் ஸ்டேஷனில் லத்தியும் கழிவறைத் தரையும் இருந்தன. அடிப்பது லத்தி, பழி தரைக்கு. பழவண்டிக்காரர் இருளப்பனின் கை முறிந்தபோதும், "கழிவறையில் வழுக்கி விழுந்தார்" என்றுதான் ஸ்டேஷனில் சொன்னார்கள்.

தரைக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, கோடை ஆரம்பிச்சதிலேருந்து குழாயில சொட்டுத் தண்ணி வரல. காஞ்சு கிடக்கிற என் மேல அவர் எப்படிண்ணே வழுக்குவாரு? அந்த மனுஷன் இந்தப் பக்கமே வரலையே!"

"மிதிபடுறதுதான் உன் வேலை. வாயை மூடிக்கிட்டு கிட," என்றது லத்தி, மூலையில் ஒய்யாரமாகச் சாய்ந்தபடி.

ஊரில் கூச்சல் எழுந்தது. காவல்துறையைச் சீர்திருத்த ஒரு குழு வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து, தரையைத் தடவித் தடவிப் பார்த்தது. லத்தியை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. குழுத் தலைவர் தன் குடையை அதன் பக்கத்தில் சாய்த்து வைத்ததோடு சரி.

குற்றவாளி தரைதான் என்று முடிவானது. அதைப் பெயர்த்துக் குப்பையில் கொட்டிவிட்டு, சொரசொரப்பான புதுக் கல் பதித்தார்கள். கழிவறை வாசலில் ரிப்பன் வெட்டி, கைதட்டி, முந்திரி பக்கோடா தின்றுவிட்டுக் கலைந்தார்கள்.

அடுத்த வாரமே, ஸ்டேஷனுக்குப் பிடித்து வந்த ஒரு கொத்தனாரின் கால் முறிந்தது.

"என் மேல எறும்புகூட வழுக்காதே! இப்ப என்னண்ணே சொல்லுவீங்க?" என்று கேட்டது புதுத் தரை.

"சொல்லியாச்சு," என்றது லத்தி. "தப்பி ஓடுறப்போ பாலத்துலேருந்து குதிச்சுட்டான்."

மறுநாள் காலை அதே குழு, பாலத்தை யார் இவ்வளவு உயரமாகக் கட்டியது என்று விசாரிக்கக் கிளம்பியது.