வானத்தில் ஏழு புள்ளி

"தும்மாதே! நீ இப்பத் தும்மினா இன்னைக்குக் கல்யாணமே கிடையாது!"

ஓஸ்மானி போட்ட கூச்சலில் யனெல்கிஸ் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு கையில் செல்போன் விளக்கு. காலையிலிருந்தே கமகுவே ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. மேசைமேல் அவளுடைய கேமரா, லென்ஸ் கழற்றப்பட்டு, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

நான்கு மணிக்குத் திருமண மாளிகையில் கல்யாணம். இப்போது மணி மூன்று பத்து.

மதியம் சும்மா வானத்தை ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். நீல வானத்தில் ஏழு கரும்புள்ளிகள். இன்னொரு படம் எடுத்தாள். அதே இடத்தில் அதே ஏழு. லென்ஸை மாற்றிப் பார்த்தும் போகவில்லை. தூசி உள்ளே புகுந்து, படம் பதிகிற சென்சார்மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. கல்யாணக் கவுனின் வெள்ளையில் ஏழு புள்ளி விழுந்தால் எப்படி இருக்கும்? ஊரில் சென்சாரைத் தொடத் துணிந்த ஆள் ஓஸ்மானி ஒருவன்தான். அவனுடைய பட்டறைக்குச் சைக்கிள் ரிக்‌ஷா பிடித்து ஓடி வந்துவிட்டாள்.

"தெருவுல நின்னு லென்ஸ் மாத்துனியா, என் கண்ணே?" என்றான் ஓஸ்மானி. கமகுவேயில் வெங்காயம் விற்பவன்கூட வாடிக்கையாளரைக் கண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

"நேத்து ஓடுற ரிக்‌ஷாவுல மாத்தினேன். திட்டணும்னா நாளைக்குத் திட்டுங்க மாஸ்டர். இப்ப வேலையப் பாருங்க!"

அவன், கைக்குழந்தைகளுக்கு மூக்குச் சளி உறிஞ்சும் ரப்பர் குமிழை எடுத்து, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, புஸ் புஸ்ஸென்று காற்றடித்தான். லென்ஸை மாட்டிச் சுவரைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி கழற்றினான்.

"ஏழு மூணாச்சு! பார்த்தியா கைராசிய?"

"ஹச்!"

அடக்கி வைத்திருந்த தும்மல் குறி தவறாமல் கேமராவின் வாய்க்குள் போய் விழுந்தது.

ஓஸ்மானி லென்ஸை மாட்டி மறுபடி ஒரு படம் எடுத்தான். திரையைப் பார்த்து எண்ணினான். "பத்தொன்பது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நொடி யனெல்கிஸ் சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்கவில்லை. அவனும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். செல்போன் அலறிய பிறகுதான் ஓய்ந்தார்கள்.

மாளிகையிலிருந்து அக்கா தைமி. "எங்கடி தொலைஞ்சே? கல்யாணத்தைப் பதியற நோட்டரி அம்மா குதிக்கிறா! நாலு மணி தாண்டினா அடுத்த ஜோடியக் கூப்பிட்டுடுவாளாம். அப்புறம் ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தேதியாம்!"

"வந்துட்டேன், வந்துட்டேன்!"

ஓஸ்மானி லென்ஸைக் கழற்றிவிட்டு, ஐஸ்கிரீம் குச்சியின் முனையில் கண்ணாடி துடைக்கும் துணியைச் சுற்றி, இரண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டான். "பொண்ணு கொஞ்சம் காத்திருந்தா குறைஞ்சா போயிடுவா?"

"பொண்ணு காத்திருப்பா. நோட்டரி காத்திருக்க மாட்டா."

"மாப்பிள்ளை எப்படி? நல்லவனா?"

"சுத்த மந்தம். கல்யாணத்தன்னைக்கும் வேலை வேலைன்னு குந்திக்கிட்டு இருக்கான்."

"ஐயோ பாவம், அந்தப் பொண்ணு."

"அவ தலையெழுத்து, என்ன பண்றது? விளக்கு சரியாப் படுதா?"

"படுது. இனி மூச்சு விடாதே. பேட்டரி கொஞ்சந்தான் மிச்சம். சென்சாரை மறைக்கிற கண்ணாடிய மேல தூக்கி நிறுத்தியிருக்கேன். பேட்டரி ரொம்ப இறங்கிச்சுன்னா அது குச்சிமேல டப்புன்னு விழும். கேமரா குளோஸ்."

குச்சி உள்ளே இறங்கியது. இடமிருந்து வலம் ஒரே இழுப்பு. யனெல்கிஸ் விளக்கை இன்னும் நெருக்கிப் பிடித்தாள். இந்த ஒரு கேமராவை வாங்க அவள் எட்டு வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியிருக்கிறாள்.

பீப்... பீப்... கேமரா கத்த ஆரம்பித்தது.

"மாஸ்டர், எடுத்துடுங்க!"

"துடைக்க இன்னும் பாதி இருக்கு."

"எடுங்கன்னா!"

வலமிருந்து இடம் இன்னொரு இழுப்பு. குச்சி வெளியே வந்தது. டப்! கேமராவுக்குள் கண்ணாடி கீழே இறங்கியது.

லென்ஸை மாட்டிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள். வானத்தைப் பார்த்து ஒரு கிளிக். துடைத்துவிட்ட மாதிரி நீலம். ஒரு புள்ளி இல்லை. அதைப் பார்த்து முடிப்பதற்குள் திரை அணைந்துபோனது.

"வேற பேட்டரி?" என்றான் ஓஸ்மானி.

"அக்காகிட்ட இருக்கு. ஓடுங்க!"

"நானுமா?"

"வழியில மறுபடி தூசி விழுந்தா யாரு எடுக்கிறது? ஏறுங்க!"

அவன் வேலை ஏப்ரனை உருவி எறிந்துவிட்டு ரிக்‌ஷாவில் தாவினான். ரிக்‌ஷாக்காரர் எழுந்து நின்று மிதித்தார். வழிநெடுக யனெல்கிஸ் கேமராவைக் கைக்குழந்தைபோல் மார்போடு அணைத்துக்கொண்டு, "வழி விடுங்க! கல்யாணம்! கல்யாணம்!" என்று கத்தினாள். நடைபாதையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு மாளிகைப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினார்கள். உள்ளே நோட்டரி மிக்தாலியா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக முறைத்துக்கொண்டிருந்தாள். யனெல்கிஸ் கேமராவைத் தைமியின் கழுத்தில் மாட்டி, "பேட்டரிய மாத்து. இனிமே உன் பாடு, அக்கா!" என்றாள்.

நோட்டரி பதிவேட்டைத் திறந்தாள்.

"ஊர்ல எல்லாக் கல்யாணத்துக்கும் முதல் ஆளா வந்து படம் பிடிக்கிறவ, உன் கல்யாணத்துக்கு இப்படியா ஓடி வருவே? போ, அந்த ரூம்ல போய்க் கவுனைப் போட்டுக்கிட்டு வா. மாப்பிள்ளை ஓஸ்மானி, நீ மொதல்ல கையில இருக்கிற ஸ்பிரிட்டைக் கழுவுப்பா, மோதிரம் வழுக்கும்!"