யாருடைய இரைச்சல்

கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் வால்வு ஆம்புக்கு வயர் மாற்றத்தான் வந்திருந்தார் கிட்டார்காரர் டெரன்ஸ். வாசிக்க உட்கார்ந்தாலே காது இரைகிறது. காது டாக்டரைப் பார்ப்பதற்கான சீட்டு சட்டைப்பையில் இருந்தது. மெக்கானிக் பூரணி வயரை மாற்றி ஆம்பின் சுவிட்சைப் போட்டாள்.

"என்ன சார், வண்டு மாதிரி இரையுது?"

"உங்களுக்கும் கேக்குதா?"

"தெருவுக்கே கேக்கும். உள்ள கரண்டை ஒரு பக்கமா மட்டும் விடுற நாலு டையோடும் நொடிக்கு நூறு தடவை கதவைப் படார்னு சாத்துது. மெதுவா சாத்துற டையோடு போட்டாச் சரியாயிடும்."

நான்கையும் மாற்றினாள். அவர் காதைப் பொத்தினார், கையை எடுத்தார். பொத்தினாலும் எடுத்தாலும் ஒரே அமைதி. கழற்றிப் போட்ட நான்கையும் பொறுக்கி, டாக்டர் சீட்டில் மடித்துக்கொண்டார்.

"அந்தக் குப்பை எதுக்கு சார்?"

"ஆறு மாசமா இதத்தாம்மா என் காதுன்னு நெனச்சிட்டிருந்தேன்."