மூன்றாவது புகார்

"ஏம்ப்பா, ஓட்டிக்கிட்டே போன் பேசினியா?"

போனில் மேலாளரின் குரலைக் கேட்டதும் புது டிரைவர் தேநீர் கிளாசைக் கீழே வைத்துவிட்டான். லாரியை டீசல் போடும் இடத்தில் ஓரமாக நிறுத்திவிட்டு அப்போதுதான் முதல் வாய் குடித்திருந்தான்.

"யார் சார் சொன்னது?"

"ஒரு பொம்பளை. பேரு சொல்லலை. போன தடவை பேசின அதே குரல்தான். பத்தேகாலுக்கு ஆத்துப் பாலத்து மேல பேசிக்கிட்டே போனியாமே? உனக்கு இது ரெண்டாவது புகார். மூணாவது வந்தா சாவியை மேசையில வச்சிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

கம்பெனி லாரிகளின் பின்கதவில், 'டிரைவர் ஒழுங்காக ஓட்டுகிறாரா? எங்களிடம் சொல்லுங்கள்' என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே அலுவலக எண்ணும் இருக்கும். பழைய டிரைவர்கள் அதைச் சட்டை செய்வதில்லை. புதியவர்களுக்கு அப்படியில்லை. முதல் முப்பது நாளில் மூன்று புகார் வந்தால் வேலை இல்லை.

நாற்பத்தொரு வயதில் கிடைத்த வேலை இது. அதற்கு முன் பதினோரு வருடம் ஊருக்குள்ளேயே ரொட்டி வண்டி ஓட்டியவன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவான். இப்போது போக நான்கு நாள், வர நான்கு நாள். சாலை போய்க்கொண்டே இருந்தது. பேச்சுத் துணைக்கு ஒரு ஈ காக்கை கிடையாது.

போன் பேசியது உண்மைதான். ஆனால் பார்த்தது யார்? அவன் உட்காரும் இடம் ஓர் ஆள் உயரத்துக்கு மேலே. காரில் போகிறவர்களுக்குச் சக்கரம்தான் தெரியும். வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம் இருக்க, அவள் யார் என்ற கேள்விதான் அவனை அதிகமாக அரித்தது.

கிளம்புவதற்கு முன் மனைவியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான்.

"யாருங்க அவ?"

"அதானே தெரியலை. போறப்ப ஒண்ணு, வர்றப்ப ஒண்ணு. ரெண்டு தடவையும் ஒரே குரலாம். அப்ப என் பின்னாலயே சுத்துறாளா?"

"உங்க பின்னால சுத்த ஒருத்தியா? கண்ணாடி பார்க்கிறதை விட்டுட்டீங்களா?"

"சிரிக்காதே. அவ எப்படி இருப்பா தெரியுமா? மூஞ்சியில எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அடுத்தவன் சோத்துல மண்ணள்ளிப் போடுறதே அவளுக்குப் பொழைப்பு. அவளைக் கட்டிக்கிட்டவன் என்ன பாவம் பண்ணானோ!"



"என்னவோ பண்ணியிருப்பான்" என்றாள் மனைவி. "எதுக்கும் நிறுத்திட்டே பேசுங்க. நானும் எத்தனை தடவை சொல்லிட்டேன். இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடுறீங்க."

"சரி சரி. இனிமே நிறுத்தாம பேசினா என்னன்னு கேளு."

சொன்னபடியே செய்தான். யாரிடம் பேசுவதானாலும் சாலையை விட்டு இறங்கி, லாரியை நிறுத்தி, பிரேக்கைப் போட்ட பிறகே போனைத் தொட்டான். பேசும்போதும் கண் மட்டும் பக்கத்துக் கண்ணாடியிலேயே இருந்தது. தன்னோடு சேர்ந்து நிற்கிற வண்டி எது? பால் வண்டி நிற்கவில்லை. சிவப்புக் கார் நிற்கவில்லை.

இருபத்தாறாம் நாள் ஒரு வெள்ளைக் கார் நின்றது. ஒரு பெண் இறங்கி, கையில் போனோடு அவன் லாரியின் பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாட்டிக்கொண்டாள்! குதித்து இறங்கி ஓடினான்.

"அம்மா, நான் பேசினது தப்புதான், ஒத்துக்கறேன். அதை எப்படிம்மா பார்த்தீங்க? அதை மட்டும் சொல்லிடுங்க."

அந்தப் பெண் இரண்டடி பின்வாங்கினாள்.

"என்ன பேசினீங்க? உங்க வண்டிக்குப் பின்னால ஒரு விளக்கு எரியலை. இந்த நம்பருக்குச் சொல்லலாம்னு நின்னேன்."

அவள் கண் முன்னாலேயே புது பல்பை மாட்டி, எரியவும் வைத்துக் காட்டினான். அவள் போனைப் பையில் போட்டுக்கொண்டு போகும்வரை அவனுக்கு மூச்சு வரவில்லை. இவள் இல்லையென்றால் அவள் யார்?

முப்பத்தோராம் நாள் காலை மேலாளர் அவனை எதிரே உட்காரச் சொன்னார். புகார் நோட்டு மேசைமேல் விரித்திருந்தது.

"நேத்து அந்தப் பொம்பளை மறுபடியும் கூப்பிட்டுச்சுப்பா."

"போச்சா சார்?"

"அட, முழுசாக் கேளு. இப்பல்லாம் நீ வண்டியை நிறுத்திட்டுத்தான் பேசுறியாம். பழைய புகார் ரெண்டையும் அடிச்சிடச் சொல்லுது. என் அனுபவத்துல புகாரைத் திருப்பி வாங்கின ஆளை நான் பார்த்ததே இல்லை. வேலை உனக்குத்தான். இரு, அடையாள அட்டையை எடுத்துட்டு வர்றேன்."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. சோற்றில் மண் போட வந்தவள் என்று திட்டினோமே, அந்த மகராசிக்கு ஒரு நன்றியாவது சொல்ல வேண்டாமா?

மேலாளர் உள்ளறைக்குள் போனதும் நோட்டைத் தன் பக்கம் திருப்பினான். அவன் லாரி எண்ணுக்கு நேரே மூன்று பதிவுகள். மூன்றுக்கும் ஒரே போன் எண்.

அன்று பத்தேகாலுக்கு ஆற்றுப் பாலத்தின் மேல் போய்க்கொண்டே அவன் பேசியதும் அந்த எண்ணோடுதான். அது அவன் மனைவியின் எண்.